வருமானம் இல்லை என்று எழுதிக் கொடுத்த தாள்

எங்கள் கல்யாணம் மாசி மாதம் நடந்தது. எனக்கு நாற்பத்து நாலு வயது, அவளுக்கு முப்பத்தெட்டு. இந்த வயதில் என்னப்பா கல்யாணம் என்று கேட்டவர்கள் உண்டு. அப்படிக் கேட்டவர்கள்தான் பந்தியில் இரண்டாம் தடவை பாயசம் வாங்கினார்கள். அம்மன் சன்னதிக்கு முன்னால் தாலி கட்டினேன், என் அக்கா மூன்றாவது முடிச்சைப் போட்டாள். ஐயர் "பெண்ணோட வலது கையைப் பிடிச்சுக்கங்க" என்று சொன்னார். அவள் கையைப் புடவைத் தலைப்புக்குள்ளிருந்து எடுக்கவில்லை.

அந்தக் கையில் கட்டைவிரல் மட்டும்தான் உண்டு. அட்டைப்பெட்டி செய்கிற தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது, ஆறு வருஷத்துக்கு முன்னால், மற்ற நாலும் மெஷினில் போய்விட்டன. எனக்கு அது தெரிந்ததுதான். பெண் பார்க்கப் போன அன்றைக்கே அவளே காட்டினாள். "இதுதான். பாத்துக்கங்க. அப்புறம் பாக்கலைன்னு சொல்லக் கூடாது" என்றாள். ஆனால் நூறு பேர் உட்கார்ந்திருக்கிற இடம் வேறு. ஐயர் இரண்டாம் தடவை சொன்னதும் நான் தலைப்புக்குள் கையை விட்டு அந்தக் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டேன். அதைப் பிடித்துக்கொண்டுதான் அக்கினியைச் சுற்றி வந்தோம். அம்மன் சாட்சியாக அந்த விரலை விடமாட்டேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். சொல்வது எளிது.

கை போனதிலிருந்து அவளுக்குத் தொழிலாளர் காப்பு ஆபீஸிலிருந்து மாதா மாதம் உதவித்தொகை வருகிறது. அதற்கு ஒரு சிறு புத்தகம் உண்டு. ஒவ்வொரு மாதமும் போய், புத்தகத்தைக் காட்டி, கையெழுத்துப் போட்டு வாங்கி வரவேண்டும். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது அவள் ஒரு வேண்டுதல் செய்திருந்தாள். தன் தலையைத் தானே சீவிக்கொள்ளவும் தன் சோற்றைத் தானே வடிக்கவும் முடிந்துவிட்டால், பௌர்ணமிதோறும் கோயிலில் நடக்கிற அன்னதானத்துக்கு அரிசி கொடுப்பதாக. மூன்று மாதத்தில் சீவிக்கொண்டாள், ஐந்தாம் மாதம் சோறு வடித்தாள். அன்றிலிருந்து உதவித்தொகை வந்தால் முதல் செலவு அந்த அரிசிதான். அதனால், இங்கே பர்மாவில் தின்கன்ஜூன் பேட்டையில் இருக்கிற அவள் அம்மா வீட்டில் அதற்கு 'சாமி காசு' என்றே பெயர். சாமி காசு வந்துச்சா, சாமி காசு எடுக்கப் போறியா என்றுதான் பேசுவார்கள். கல்யாணமாகி தாகேதாவில் என் வீட்டுக்கு வந்தபோது, இரண்டு பெட்டி, ஒரு தையல் மெஷின், இவற்றோடு அந்த வார்த்தையும் வந்தது.

நான் அந்தக் காசைத் தொட்டதில்லை. எவ்வளவு என்று கேட்டதும் இல்லை. அதில் எனக்குள்ளே ஒரு பெருமைகூட இருந்தது. பெண்டாட்டி காசில் கை வைக்காதவன், அதுவும் சாமி காசில் வைக்காதவன் என்று. இந்தப் பெருமைதான் பின்னால் காலை வாரிவிட்டது.

நான் கியாக்டடாவில் தண்ணீர் மோட்டார் விற்கிற ஒரு கம்பெனியில் குடோன் பார்க்கிறேன். எட்டாவது வரை பர்மா பள்ளிக்கூடம், தமிழ் கோயில் வகுப்பில் படித்தது. வருஷம் முடிகிற சமயம் எங்கள் கணக்குப் பிரிவில் வருமான வரித் தாள்களைச் சேகரிப்பார்கள். இத்தனை வருஷமும் நான் ஒண்டி ஆள், பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். இந்தத் தடவை கணக்குப் பிரிவு அமா என்னை மேலே கூப்பிட்டு அனுப்பினார். அமா என்றால் பர்மாவில் அக்கா. என்னைவிட இளையவர்தான், ஆனாலும் கணக்குப் பிரிவில் இருக்கிறவரை எல்லாரும் அமா என்றுதான் சொல்வோம்.

"மாப்பிள்ளை! உங்க தாள்ல மனைவி கட்டம் காலியா இருக்கே. ஒளிச்சு வெச்சிருக்கீங்களா?" என்றார்.

"கட்டம்னு ஒண்ணு இருக்கறதே எனக்குத் தெரியாது அமா."

"மனைவிக்கு வருமானம் இல்லைன்னா உங்க வரியில கொஞ்சம் கழிப்பாங்க. குடும்பப் பட்டியல்ல அவங்க பேரு ஏறியிருக்கணும், அடையாள அட்டை நகல் வேணும். அவங்களுக்கு வருமானம் இல்லைன்னு உங்க வார்டு ஆபீஸ்ல ஒரு கடிதம் வேணும். இந்த வாரத்துக்குள்ள."

குடும்பப் பட்டியல் வேலை ஏற்கெனவே முடிந்திருந்தது. தின்கன்ஜூனில் பெயர் நீக்கி தாகேதாவில் பெயர் சேர்த்தபோது நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தே அலைந்தோம். ஒவ்வொரு தாளையும் அவள்தான் படித்தாள். பர்மா எழுத்து அவளுக்கு என்னைவிடச் சரளம், பத்தாவது வரை படித்தவள். "இங்க பிறந்த வருஷம் தப்பு சயா, திருத்துங்க" என்று ஆபீஸரிடமே சொன்னாள். அன்று நான் அவளுக்குப் பின்னால் குடை பிடித்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான். இந்தக் கடிதத்துக்கும் அவளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். வெயிலில் எதற்கு என்று நினைத்தேன். நல்லெண்ணம்தான்.

வார்டு ஆபீஸில் எழுதுகிறவரை ஊலே என்போம், மாமா மாதிரி. அறுபது வயதிருக்கும், கடைவாயில் எப்போதும் வெற்றிலை. நம்ம கோயில் திருவிழாவில் சாம்பார் சோறு சாப்பிட வருகிறவர். தாளைத் தட்டெழுத்து மெஷினில் சொருகிவிட்டு மூன்று கேள்வி கேட்டார்.

"வேலைக்குப் போகுதா?"

"இல்லை ஊலே."

"கடை, வியாபாரம்?"

"இல்லை."

"வேற வருமானம் ஏதாச்சும்?"

நான் யோசிக்கக்கூட இல்லை. இல்லை என்றேன். இதைப் படிக்கிறவர்கள் நான் தெரிந்தே பொய் சொன்னேன் என்று நினைத்தால் அது நியாயம். ஆனால் அம்மன் மேல் ஆணையாக, அந்த நிமிஷம் எனக்குப் பொய் சொல்கிற எண்ணமே இல்லை. அது சாமி காசு. சாமியுடையது எப்படி அவள் வருமானமாகும்? உண்டியல் காசை ஐயரின் சம்பளம் என்று யாராவது சொல்வார்களா? என் புத்தி அப்படித்தான் போயிற்று.

ஊலே தட்டெழுத்தில் அடித்துவிட்டு, "கையெழுத்துப் போடுவாங்களா?" என்று கேட்டார்.

"கை அப்படி ஊலே" என்று என் வலது கையை மடக்கிக் காட்டினேன்.

"சரி சரி, ரேகை போதும்." மை டப்பாவையும் கொடுத்து அனுப்பினார், நல்ல மனுஷர்.

வீட்டுக்கு வந்தபோது அவள் வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். நான் தாளை நீட்டினேன். "என்ன தாளுங்க?" என்றாள். கம்பெனிக்கு, வரிக்கு என்றேன். "படிக்க வேணாமா?" என்றாள். "நான் படிச்சுட்டேன், சும்மா ஒரு வழக்கத்துக்கு" என்றேன். உண்மையில் நான் முழுக்கப் படிக்கவில்லை, ஆபீஸ் பாஷை எனக்கு ஓடாது. அவள் இடது கட்டைவிரலை என் தோள் துண்டில் துடைத்துவிட்டு நீட்டினாள். நான் மையில் அழுத்தி, தாளில் அழுத்தினேன். புதுப் பெண்டாட்டி, நம்பி நீட்டினாள்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த ஆபீஸுக்குப் போகிற தாளாக இருந்தாலும் ஒரு வெள்ளிக்கிழமை அம்மன் படத்துக்கு அடியில் வைத்து, குங்குமம் வைத்து, அப்புறம்தான் கொடுப்பேன். என் அப்பாவும் அப்படித்தான் செய்வார். மூலத்தில் குங்குமம் பட்டால் ஆபீஸில் முறைப்பார்கள், அதனால் நகலில் வைப்பேன். அந்த வெள்ளிக்கிழமையும் வைத்தேன். சனிக்கிழமை மூலத்தைக் கொண்டுபோய் அமாவிடம் கொடுத்துவிட்டேன். நகல் படத்துக்கு அடியிலேயே இருந்துவிட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை விட்டு வந்தபோது விளக்கு ஏற்றியிருந்தது. கரண்ட் இல்லை. அவள் சாமி அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள், மடியில் அந்த நகல். பூ மாற்றும்போது கண்ணில் பட்டிருக்கிறது.

"இதுல இருக்கற பொம்பள யாருங்க?" என்றாள்.

"எதுல?"

"வேலை இல்லை, வியாபாரம் இல்லை, எந்த வருமானமும் இல்லை, புருஷனை நம்பி வாழ்றவ, கையெழுத்துப் போடத் தெரியாதவ. இத்தனையும் எழுதி, குங்குமம் வெச்சு, அம்மன்கிட்ட வேற கொடுத்திருக்கீங்க. யாரைப் பத்தின்னு கேக்கறேன்."

கையெழுத்துப் போடத் தெரியாதவள் என்று அதில் இருந்தது எனக்குத் தெரியாது. ரேகைக்குக் கீழே ஊலே அப்படி அடித்திருக்கிறார். நான் உட்கார்ந்தேன். "அது சாமி காசுதானே, அதனால..." என்று ஆரம்பித்தேன்.

"உங்க சம்பளம் வந்ததும் நீங்க உண்டியல்ல போடறீங்களே. அது யாரு காசு?"

"என் காசு."

"நான் போட்டா மட்டும் சாமி காசா?"

அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், இரண்டு பேரும் அதில் மறந்திருப்போம்.

"அரிசி வாங்கினது போக மிச்சத்துலதான் எங்கம்மாவுக்கு மருந்து வாங்கறேன். கல்யாணத்துக்கு மெட்டி அதுலதான் வாங்கினேன். யாரும் எனக்குச் சும்மா கொடுக்கலை. இது கொடுத்தது" என்று அந்தக் கையை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள். "நாலு விரலு இன்னமும் வேலைக்குப் போய் மாசாமாசம் கொண்டாருது. நீங்க பாட்டுக்கு இல்லைன்னு எழுதிக் கொடுத்துட்டீங்க."

அந்த நேரம் பார்த்து என் அக்கா வந்தாள். பக்கத்துச் சந்தில்தான் வீடு, அத்தோ நூடுல்ஸ் செய்தால் ஒரு கிண்ணம் கொண்டுவருவாள். முகத்தைப் பார்த்ததும் கிண்ணத்தை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். நான் விஷயத்தைச் சொன்னேன். ஆறுதல் சொல்லுவாள் என்று நினைத்தேன்.

"அட பாவி. நீ பாட்டுக்கு நான்தான் காப்பாத்தறேன்னு கவர்மென்ட்டுக்கு எழுதிக் கொடுத்திருக்கியே. அப்புறம் அவங்க ஏன் இவளுக்குக் கொடுக்கணும்? நிப்பாட்டிடுவாங்கடா. கல்யாணம் ஆனதும் நிப்பாட்டினாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன்."

"யாருக்குக்கா?"

"யாருக்கோ. சொன்னாங்க."

யாருக்கோ என்று ஒருத்தருக்கு நிற்பது போதும், மனுஷனைப் பயமுறுத்த. என் மனைவியின் முகத்தைப் பார்த்தேன். கோபமாக இருந்த முகம் அந்த நிமிஷம் சின்னதாகிவிட்டது. வலது கையைத் திரும்பப் புடவைக்குள் வைத்துக்கொண்டாள், கல்யாணத்தன்று வைத்திருந்த மாதிரி.

"எடுத்துக்கங்க அண்ணி, ஆறிடப்போகுது" என்று அத்தோ கிண்ணத்தை அக்காவிடமே தள்ளினாள். அக்காவும் கொஞ்சம் சாப்பிட்டாள், பாவம், என்ன செய்வது என்று தெரியாமல்.

அக்கா போனபிறகு அவள் ஒன்றே ஒன்று சொன்னாள். "வர்ற பௌர்ணமிக்கு நான் அரிசி எடுக்கப் போறதில்லை. வருமானம் இல்லாதவ எப்படிக் கொடுப்பா? கோயில்ல கேட்டா நீங்களே பதில் சொல்லிக்கங்க."

ஆறு வருஷம் ஒரு பௌர்ணமி தவறாத வேண்டுதல். அது என்னால் நிற்கப்போகிறது. வரியில் கழிவு வந்தால் என்ன, வராவிட்டால் என்ன. அந்தத் தாளை எப்படியாவது திரும்ப வாங்கிவிடவேண்டும்.

சனிக்கிழமை காலையில் முதல் ஆளாக அமாவிடம் போய் நின்றேன். "அமா, என் தாளைக் கொடுங்க, எனக்குக் கழிவு வேணாம்."

"என்ன, அதுக்குள்ள சண்டையா? பெண்டாட்டி ஓடிப்போச்சா?"

"ஓடலை. ஓடிடுமோன்னு பயமா இருக்கு."

நான் சொன்ன விதத்தில் அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். கம்பெனித் தாள்கள் முழுதும் வியாழக்கிழமையே வரி ஆபீஸுக்குப் போய்விட்டன என்றார். எந்த மேஜையில் கேட்கவேண்டும் என்று ஒரு துண்டில் எழுதித் தந்தார். "தனியா போகாதீங்க. அவங்களையும் கூட்டிட்டுப் போங்க. அவங்க தாளுதானே அது" என்றார். இது எனக்கு எட்டு நாள் முன்னால் தோன்றியிருக்கவேண்டும்.

திங்கட்கிழமை லீவு எடுத்தேன். வருவாளா என்று சந்தேகம். ஆனால் நான் குளித்துவிட்டு வருவதற்குள் அவள் தயாராக இருந்தாள். தலை சீவி, கன்னத்தில் தனக்கா மரப்பட்டையை அரைத்துப் பூசி, பொட்டு வைத்து, உதவித்தொகைப் புத்தகத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கக்கத்தில் இடுக்கியிருந்தாள். பஸ்ஸில் பாலம் தாண்டுகிறவரை ஒரு வார்த்தை பேசவில்லை. பாலத்தில் வண்டி நின்றுவிட்டது, ஒரே நெரிசல். வியர்வை கொட்டியது. நான் கந்த நாமத்தைச் சொல்லிக்கொண்டே வந்தேன். அவள் திரும்பிப் பார்த்து, "சத்தமா சொல்லுங்க, பஸ்ஸாவது நகரும்" என்றாள். மூன்று நாளில் முதல் பேச்சு அது. எனக்கு அதுவே பிரசாதம் மாதிரி இருந்தது.

வரி ஆபீஸில் அந்த மேஜையில் ஒரு சயாமா இருந்தார், பெண் அதிகாரி. ஐம்பது வயதிருக்கும், மேஜை மேல் ஒரு சின்ன மின்விசிறி, அதற்கு முன்னால் தாள் பறக்காமல் இருக்க மாங்காய் ஒன்று. நான் வழியெல்லாம் பர்மா பாஷையில் கோர்த்து வைத்திருந்த பேச்சை ஆரம்பித்தேன். பாதியில் தடுக்கிக்கொண்டேன். தப்பு செய்துவிட்டேன், மன்னிக்கணும் என்ற இரண்டைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

"யாரைக் கொன்னுட்டார் இவர்?" என்று சயாமா என் மனைவியிடம் கேட்டார்.

அவள் முன்னால் வந்தாள். வலது கையை எடுத்து மேஜை மேல் வைத்தாள். ஒளிக்காமல், எல்லாரும் பார்க்கிற இடத்தில். இடது கையால் புத்தகத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"எனக்கு வருமானம் இல்லைன்னு இவர் எழுதிக் கொடுத்திருக்கார், சயாமா. எனக்கு இது வருது. வேலையில விரல் போனதுக்கு. நான் இதை மறைச்சேன்னு நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது. அதோட, இந்தத் தாளைக் காட்டி இதை நிப்பாட்டுவாங்கன்னும் சொல்றாங்க. நிப்பாட்டறதா இருந்தா, இவருக்குக் கழிவு வேணாம். தாளைக் கொடுத்துடுங்க."

சயாமா புத்தகத்தைப் புரட்டினார். மெதுவாகத்தான் பார்த்தார். பக்கத்து மேஜையில் ஒருவர் ஸ்டேப்ளரை அடித்துக்கொண்டிருந்தார், அந்தச் சத்தம் ஒவ்வொன்றும் என் தலையில் விழுந்தது.

"சம்பளம் வருதா?"

"இல்லை."

"வியாபாரம்?"

"பக்கத்து வீட்டுக்கு ரவிக்கை தைச்சுக் கொடுப்பேன். பாதிப் பேரு காசு தர்றதில்லை."

சயாமா சிரித்துவிட்டார். "அது எனக்கு வேணாம். இதைக் கேளு, தங்கச்சி. இந்த மாதிரி காயத்துக்கு வர்ற உதவியை நாங்க வரிக்கு வருமானமா எடுக்கறதில்லை. இவர் உன்னைக் காட்டினது சரிதான், கழிவு உண்டு. ஆனா கடிதத்துல 'எந்த வருமானமும் இல்லை'ன்னு எழுதினது சரியில்லை. வேலையிலிருந்தும் வியாபாரத்திலிருந்தும் வருமானம் இல்லை, காயத்துக்கு உதவித்தொகை வருதுன்னு எழுதி வாங்கிட்டு வா. நான் மாத்தி வெச்சுக்கறேன்."

"நிப்பாட்ட மாட்டாங்களா?" என்று கேட்டாள்.

"அது வேற ஆபீஸ். அங்கேயும் போய் ஒரு வார்த்தை கேட்டுக்க, அதுதான் நல்லது. ஆனா எனக்குத் தெரிஞ்சவரை அவங்க உன் கைக்குக் கொடுக்கறாங்க. கல்யாணம் பண்ணினா விரல் முளைச்சுடுமா?"

என் மனைவி ஒரு கணம் சயாமாவைப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். வாயைப் பொத்தாமல், வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி. நானும் சிரித்தேன், ஆனால் எனக்குக் கண்ணில்தான் வந்தது.

அங்கிருந்து நேராக உதவித்தொகை கொடுக்கிற ஆபீஸுக்குப் போனோம். இனி யாரோ சொன்னதை நம்பப்போவதில்லை என்று அவள் பிடிவாதம். ஜன்னலில் இருந்தவர் புத்தகத்தைப் பார்த்து, வார்டு மாறினதைக் குறித்துக்கொண்டு, "கல்யாணமா? நல்லா இருங்க. பணம் எப்பவும் போலத்தான்" என்றார். அவ்வளவுதான். மூன்று நாள் எங்கள் வீட்டில் சோறு இறங்காமல் இருந்த விஷயம், அந்த ஜன்னலில் ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. படியில் இறங்கும்போது அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

தாகேதா திரும்பி வார்டு ஆபீஸுக்குப் போனபோது ஊலே டீயை ஊதிக்கொண்டிருந்தார். எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்ததும், "ஏதோ வில்லங்கம்" என்றார். நான் சொன்னேன். அவர் வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு அவளையே பார்த்தார்.

"இரு. கோயில் சுவர்ல மாசாமாசம் அரிசி கொடுக்கறவங்க பலகை இருக்கே, அதுல முதல் பேரு நீதானே? நான் சாப்பிடற வரிசைக்கு நேர் எதிர்ல. அந்தப் பலகையைப் பாத்துட்டேதான் நான் சாம்பார் சோறு சாப்பிடறேன்." என் பக்கம் திரும்பினார். "ஊருக்கே சோறு போடற பொம்பளைக்கு வருமானம் இல்லைன்னு என்னையும் எழுத வெச்சுட்டியே, தம்பி."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். வேறு என்ன செய்வது.

சயாமா சொன்ன மாதிரியே புதிதாக அடித்தார். அடித்து முடித்து, பழக்கத்தில் மை டப்பாவை எடுத்து முன்னால் வைத்தார். அவள் அதைத் திரும்ப அவர் பக்கம் நகர்த்தினாள்.

"பேனா கொடுங்க ஊலே."

இடது கையால் பேனாவைப் பிடித்தாள். தாள் நகராமல் வலது கையின் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டாள். அவள் கையெழுத்துப் போட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஆறு வருஷமாக மாதம் ஒரு தடவை அந்தப் புத்தகத்தில் போட்டு வந்திருக்கிறாள். முன்னால் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கவேண்டும் என்று ஒரு நோட்டு முழுக்க எழுதிப் பழகினாளாம், இதை அப்புறம்தான் சொன்னாள். ஒவ்வொரு வளைவையும் பொறுமையாக முடித்துத்தான் அடுத்ததற்குப் போனாள். ஊலே டீயை எடுக்கவில்லை. அவள் கடைசிச் சுழியை முடித்துப் பேனாவை மூடினபிறகுதான் எடுத்தார். ஆறிப்போயிருந்தது.

மறுநாள் சயாமாவிடம் கொடுக்கத் தாளை அவளே வாங்கிக்கொண்டாள். வழியில் நகல் எடுத்தோம்.

வீட்டுக்கு வந்ததும் நான் கைகால் கழுவிவிட்டு, பழக்கதோஷம், நகலை எடுத்துக்கொண்டு அம்மன் அலமாரிக்குப் போனேன். வெள்ளிக்கிழமை இல்லைதான். ஆனாலும் அந்தப் பழைய தாளை வைத்த இடத்தில் இதை வைக்கவேண்டும் என்று இருந்தது.

"முதல்ல படிங்க" என்றாள் பின்னாலிருந்து.

"நீ படிச்சுட்டியே."

"நீங்க படிங்க. சத்தமா. என்ன எழுதியிருக்குன்னு தெரியாம அம்மன்கிட்ட எதையும் கொடுக்கக் கூடாது."

படித்தேன். ஆபீஸ் பாஷை, இரண்டு வரியில் நாலு இடத்தில் தடுக்கினேன். அவள் ஒவ்வொன்றாகத் திருத்தினாள். உதவித்தொகை வருகிறது என்ற வரியை இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். கையெழுத்துக்குக் கீழே அவள் பெயர் மட்டும்தான் இருந்தது, வேறு எதுவும் அடிக்கவில்லை. அதையும் படித்தேன்.

"தாயே, தெரியாம சொல்லிட்டேன். இதுதான் நெசம்" என்று சொல்லித் தாளைப் படத்துக்கு அடியில் வைத்தேன். குங்குமச் சிமிழை எடுக்கப் போனேன். அவள் எனக்கு முன்னால் எடுத்துவிட்டாள். வலது கையை அதற்குள் விட்டு, அந்தக் கட்டைவிரலால் குங்குமத்தைத் தொட்டு, தாளின் மூலையில் வைத்தாள். அப்புறம் என் நெற்றியில் வைத்தாள்.

"பௌர்ணமிக்கு ரெண்டு நாள்தான் இருக்கு. அரிசிக் கடை மூடறதுக்குள்ள போகணும்" என்றாள். "பையை எடுங்க. நீங்கதான் தூக்கணும்."

எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.